திரும்பும் நாள்

நடந்ததைத்தான் சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நம்பாதவர்கள் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்து அவரையே கேட்டுக்கொள்ளலாம். வேலை நேரத்தில் முதலாளி பேசவிட மாட்டார். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள்.

அவரை நாங்கள் லென்ஸ் அக்கா என்று கூப்பிடுவோம். வயது ஐம்பத்திரண்டு. கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துவது அவர் வேலை. அடுத்த பெஞ்சில் நான். இருபது வருடப் பழக்கம். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "இந்த பிரேம் உங்க முகத்துக்கு எடுப்பா இல்ல" என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள். அதனால்தான் அவர் சொன்னதை என்னால் தட்ட முடியவில்லை. மீதியை என் கண்ணாலும் காதாலும் அறிந்தேன்.

போன வருடம் அக்காவின் அப்பா இறந்துபோனார். அம்மா முன்பே போய்விட்டார். கூடப் பிறந்தவர் இல்லை, கல்யாணமும் இல்லை. அப்பா, அம்மா இருவருமே அனாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஈ, காக்கை கூடக் கிடையாது. மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு. அதில் அக்காவும், அப்பா உட்காரும் நாற்காலியும்.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவருக்கு இடது கண்ணில் புரை விழுந்தது. லென்ஸ் ஓரத்தில் கீறல் விட ஆரம்பித்தார். முதலாளி இரண்டு முறை பொறுத்தார். மூன்றாவது முறை, "கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க, இல்லன்னா வேற ஆள் பாக்கணும்" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் தள்ளி ஒரு திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்து, ஒரு படிவம் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு கட்டம். 'நோயாளியை அழைத்துச் செல்ல வரும் உறவினர். பெயர், உறவு, கையெழுத்து.' அது நிரம்பாமல் ஆபரேஷன் செய்ய மாட்டார்களாம்.

"எனக்கு யாரும் இல்லம்மா" என்றார் அக்கா.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்தாள். "யாராவது இருப்பாங்க ஆன்ட்டி. நல்லா யோசிச்சுப் பாருங்க."

அந்தப் படிவம் இரண்டு மாதம் அக்காவின் பெஞ்சு ஓரத்தில் கிடந்தது. நானும் பார்த்தேன். கட்டம் காலியாக இருந்ததும் தெரிந்தது. "நான் வரட்டுமாக்கா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? என் வாயிலிருந்து அது வரவில்லை. அவரும் கேட்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா வேறு வழியில் போனார். அரசுப் பதிவு அலுவலகத்தில் பழைய ஏடுகளைப் பார்த்தால் அப்பாவின் குடும்பம் கிடைக்கும், அதில் ஒருவராவது உயிரோடு இருப்பார் என்று நினைத்தார். சனிக்கிழமைகளில் அந்த அலுவலகம் மதியம் ஒரு மணி வரை திறந்திருக்கும். ஏழு சனிக்கிழமை போனார். இருந்த ஒன்றரைக் கண்ணிலும் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்.

ஆறாவது சனிக்கிழமை, அனாதை இல்லத்தின் சேர்க்கை ஏடு கையில் கிடைத்தது. அப்பாவின் பெயர் இருந்தது. வயது ஒன்று. கொண்டுவந்து விட்டவர்: பெரியப்பா. தொழில்: பூட்டு வேலை. காரணம்: வீட்டில் காய்ச்சல். அழைத்துப்போக வரும் நாள்: ஞாயிறு.

அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா எழுபத்தொன்பது வயது வரை ஞாயிற்றுக்கிழமையில் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. கேட்டால், "சும்மாதான்" என்பார்.

"ஞாயித்துக்கெழமை வரேன்னு சொல்லிட்டு வரவே இல்ல பாரு அந்த மனுஷன்" என்று திங்களன்று என்னிடம் பொரிந்து தள்ளினார். அக்கா அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

ஏழாவது சனிக்கிழமை. இனிமேல் நேரத்தைக் கவனியுங்கள். அக்கா சொன்னபடியே சொல்கிறேன்.

பதினொன்று ஐம்பதுக்கு அக்கா பதிவறையில் உட்கார்ந்தார். பூட்டுக்காரப் பெரியப்பாவின் பெயரை வைத்துக் கணக்கெடுப்புத் தாள்களைக் கேட்டார். பத்து வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வீடு கொடுத்த தாள்கள் அவை. வீட்டுத் தலைவரே தன் கையால் நிரப்ப வேண்டும். மேல் பாதியில், குறிப்பிட்ட அந்த இரவில் வீட்டில் தூங்கியவர்கள். கீழ்ப் பாதியில், அந்த வீட்டைச் சேர்ந்தவர்தான், ஆனால் அன்றிரவு வெளியே போயிருந்தவர்கள். அவர் எங்கே போயிருக்கிறார், திரும்பும் நாள் எது என்று இரண்டு கட்டங்கள். ஒரு மாதத்துக்குள் திரும்பி வருகிறவர்களை மட்டும்தான் அங்கே எழுதலாம் என்று அடியில் பொடி எழுத்தில் விதி அச்சாகியிருந்தது.

தாள்களை வாங்க ஒரு சீட்டு எழுத வேண்டும். பெயர், முகவரி, தேடப்படுபவருக்கு என்ன உறவு. அக்கா பென்சிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அப்பாவுக்குப் பெரியப்பா என்றால் தனக்குப் பெரிய தாத்தா. உறவு என்ற இடத்தில் 'பேத்தி' என்று எழுதினார்.

"பிறந்ததுல இருந்து அந்த வார்த்தைய எனக்குன்னு நான் எழுதினதே இல்ல" என்றார் என்னிடம்.

பதிவறைக்காரர் நான்கு தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். சீட்டை அந்த உறைக்குள்ளேயே போட்டார். திருப்பிக் கொடுக்கும்போது தாள்களும் சீட்டும் சேர்ந்தே வர வேண்டும். அது அங்கே வழக்கம்.

முதல் தாள். வீட்டில் நான்கு பேர். பூட்டுக்காரர், அவர் தம்பி, தம்பி மனைவி, குழந்தை. அந்தக் குழந்தைதான் அக்காவின் அப்பா.

பத்து வருடம் கழித்து இரண்டாவது தாள். வீட்டில் ஒருவர். பூட்டுக்காரர் மட்டும். தம்பியும் அவர் மனைவியும் காய்ச்சலில் போயிருக்க வேண்டும். ஆனால் கீழ்ப் பாதியில் ஒரு வரி இருந்தது. 'தம்பி மகன். வயது 11. எங்கே: தெரியவில்லை. திரும்பும் நாள்: தெரியவில்லை.'

மூன்றாவது தாள். வீட்டில் ஒருவர். கீழே, 'தம்பி மகன். வயது 21. தெரியவில்லை. தெரியவில்லை.'

நான்காவது தாள். வீட்டில் ஒருவர், வயது 67. கீழே, 'தம்பி மகன். வயது 31. தெரியவில்லை. தெரியவில்லை.'

மூன்று தாளிலும் அந்த வரியை யாரோ அதிகாரி சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தார். விதிப்படி அது தவறுதான். ஆனால் அடிக்க அடிக்க அந்த மனிதர் அதே தவறை எழுதியிருந்தார்.

இப்படி எழுதிக்கொண்டே இருந்தவர் ஏன் வரவில்லை என்று அக்கா பதிவறைக்காரரிடம் கேட்டார். அவர் சேர்க்கை ஏட்டின் முன்பக்கத்தைத் திறந்து காட்டினார். குழந்தையை விட்டுப்போன அதே வாரம், வெள்ளிக்கிழமை, காய்ச்சலுக்குப் பயந்து இல்லத்தையே ஊருக்கு வெளியே மாற்றியிருந்தார்கள்.

"எங்க போறோம்னு வாசல்ல எழுதி ஒட்டியிருக்க மாட்டாங்கம்மா. அந்தக் காலத்துல யாரு ஒட்டறது?"

அதாவது, அவர் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார். வாசலில் பூட்டு தொங்கியிருக்கிறது.

"தேடியிருக்காரு" என்றார் அக்கா.

"தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்மா" என்றார் பதிவறைக்காரர்.

நான்காவது தாளில் வீட்டு முகவரியைப் பார்த்தபோது அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா சின்னப் பிள்ளையாக இருந்த வீட்டிலிருந்து மூன்றே பஸ் நிறுத்தம். அவருக்கு அப்போது நாலு வயது. அந்தத் தெருவில் ஐஸ் வாங்கித் தின்றிருக்கிறார்.

"இங்கதான் இருந்தாரு தாத்தா... நாங்களும் இங்கதான் இருந்தோம்" என்று தாளைத் தடவிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்.

அப்போது மணி பன்னிரண்டு நாற்பது. விரலைப் பார்த்தார். நுனியில் மை ஒட்டியிருந்தது.

பழுப்பு மை. ஈரமாக.

அந்த அறையில் பேனாவே அனுமதி இல்லை. எல்லாருக்கும் பென்சில்தான்.

ஒரு மணிக்கு உறையைத் திருப்பிக் கொடுத்தார். பதிவறைக்காரர் எண்ணினார். தாள் நான்கும் இருந்தன. சீட்டு இல்லை. மேஜைக்கு அடியில் பார்த்தார்கள். அக்காவின் பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. "பரவால்ல, விடுங்க" என்று சொல்லிவிட்டு, நான்கு தாளுக்கும் நகல் எடுத்துத் தருவதாகக் கடை நம்பரை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை ஏழே காலுக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கட்டம் காலி. தேடியது கிடைத்தும் பயனில்லை. கிடைத்த ஒரே சொந்தமும் செத்துப்போய் நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கும். நாளைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை போய்விடும். அக்கா படிவத்தை மேஜைமேல் விரித்துவைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

மாலை ஏழு பத்து.

வாசல் கதவிலிருந்து ஒரு சத்தம். கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

இரும்பில் அரம் போடும் சத்தம்.

அக்கா வீட்டுப் பூட்டு அப்பா போனதிலிருந்தே தகராறு. கதவைத் தோளால் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சாவியை இரண்டு முறை ஆட்டினால்தான் திறக்கும். சத்தம் சரியாக அந்தப் பூட்டிலிருந்துதான் வந்தது.

எழுந்து போனார். உள்சங்கிலி மாட்டியிருந்தது. கதவில் பார்க்கும் துளையில் நல்ல கண்ணை வைத்தார்.

விளக்கு எரிந்தது. எதிர்வீட்டுக் கதவு தெரிந்தது. யாருமில்லை.

சத்தம் நிற்கவில்லை. கிர்ர்... கிர்ர்...

"யாரு?"

நின்றது.

ஒரு இருமல். வயதானவர் இருமல்.

"யாரு வேணும்?"

டக்.

பூட்டுக்குள் ஏதோ நுழைந்தது. மெதுவாகத் திரும்பியது. ஒரு வருடமாக முரண்டு பிடித்த பூட்டு... வெண்ணெயாகத் திறந்தது.

கதவு நான்கு விரல் அளவு நகர்ந்தது. சங்கிலி இழுத்துப் பிடித்தது.

இடுக்கில் எண்ணெய் வாசம்.

யாருமில்லை.

கதவு தானாக மூடிக்கொண்டது. அடிக்காமல், மெல்ல. தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்று மூடுவது மாதிரி.

டக். பூட்டிக்கொண்டது.

மணி ஏழு முப்பத்தொன்று.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று மாடிக்கும் நாற்பத்திரண்டு படி. யார் இறங்கினாலும் செருப்புச் சத்தம் கேட்கும். காதைக் கதவில் வைத்தார்.

கேட்கவில்லை.

ஒரு படி கூட.

அப்புறம் கேட்டது. வெளியில் அல்ல...

முதுகுக்குப் பின்னால். அப்பாவின் நாற்காலி. தரையில் உரசி நகர்ந்தது.

அக்கா பின்னால் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே படுக்கையறைக்குப் போனார். தாழ் போட்டார். போர்வையைத் தலைவரை இழுத்தார். அப்படியே விடிந்தது.

காலை ஐந்து ஐம்பது. வெளியே வந்தார். சங்கிலி மாட்டியபடியே இருந்தது. நாற்காலி மேஜையை விட்டு விலகி, யாரோ உட்கார்ந்து எழுந்தது போலக் கிடந்தது. வாசற்படியின் உள்பக்கம் இரும்புத் தூள். உள்பக்கம். அக்கா அதைக் கூட்டி ஒரு காகிதத்தில் மடித்தார். ஏன் மடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பூட்டில் சாவியைப் போட்டார். ஒற்றை விரலுக்குத் திரும்பியது.

படிவத்தைப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினார்.

ஏழே கால். கவுண்டரில் அதே பெண். படிவத்தை வாங்கிப் புரட்டினாள்.

"பாத்தீங்களா? யாராவது இருப்பாங்கன்னு சொன்னேன்ல!"

கட்டம் நிரம்பியிருந்தது. பெயர். உறவு: பெரிய தாத்தா. கையெழுத்து. பழுப்பு மை. நான்கு தாளில் பார்த்த அதே வால் நீண்ட எழுத்து.

"இவரு... இவரு எங்கம்மா?"

"உங்க பின்னாடிதானே வந்தாரு ஆன்ட்டி? அந்த பெஞ்சுல உக்காந்தாரே."

பெஞ்சு காலி.

அக்கா அப்போதே ஓடியிருக்கலாம். நான் என்றால் ஓடியிருப்பேன். அவர் ஓடவில்லை. "பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தக் கட்டத்துல ஒரு பேர் இருந்துச்சே... அத விட்டுட்டு எப்படிப் போறது?" என்றார்.

ஒன்பது நாற்பதுக்கு ஆபரேஷன். பதினொன்றரைக்குக் கண்ணில் கட்டோடு டாக்சியில் ஏற்றிவிட்டார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது டிரைவர் சொன்னார், "பெரியவரைப் பாத்து இறக்குங்கம்மா."

படியேறும்போது யாரோ அக்காவின் முழங்கையைப் பிடித்திருந்தார்கள். சொரசொரப்பான கட்டை விரல். ஒவ்வொரு படிக்கும் நின்று, நின்று. அக்கா கேட்கவில்லை. நாற்பத்திரண்டு படியும் எண்ணிக்கொண்டே ஏறினார்.

வியாழக்கிழமை கடைக்கு வந்தார். இதையெல்லாம் அன்று காலையில்தான் என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன்.

"மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்க்கா. உங்களுக்கு அன்னிக்கு அரைக்கண்ணு வேற."

அக்கா பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து என் பெஞ்சில் பிரித்தார். இரும்புத் தூள். லென்ஸ் தேய்க்கிற எங்களுக்குத் தூள் தெரியாதா? அது கையால் அரம் போட்ட தூள்தான்.

பதினொன்று இருபதுக்கு போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பதிவறைக்காரர். அவர் குரல் சரியாக இல்லை.

"நகல் எடுக்க அந்த நாலு தாளையும் எடுத்தேன். நாலாவது தாள் மாறியிருக்கு. அந்தம்மா படிக்கறப்போ நானும் பாத்தேன் சார், வீட்டுல ஒருத்தர்னு இருந்துச்சு."

"இப்ப?"

"மேல யாருமே இல்ல. கீழதான் ஒரு வரி. வீட்டுத் தலைவர், வயது 67. எங்கேன்னு கேட்ட இடத்துல, பேத்தி வீட்டுக்குன்னு எழுதியிருக்கு. முகவரியும் போட்டிருக்கு."

முகவரியைப் படித்தார். அக்காவின் வீடு. மூன்றாம் மாடி. அந்தக் கட்டடம் கட்டியே பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது.

"யாராவது விளையாடியிருப்பாங்க சார்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பதினெட்டு வருஷம் முன்னாடி இந்தத் தாள் எல்லாத்தையும் பிலிம் எடுத்து வேற ஊர்ல பூட்டி வெச்சிருக்காங்க. நேத்து அத வரவழைச்சுப் பாத்தேன். அதுலயும் இதேதான் இருக்கு. தொலைஞ்ச சீட்டும் கெடச்சுது. தாளுக்கு நடுவுல. பழுத்துப்போயி, தொட்டா உதிருது. போன சனிக்கெழம எழுதின சீட்டு சார் அது."

கேட்டிருக்கவே கூடாது. கேட்டேன்.

"திரும்பும் நாள்னு ஒரு கட்டம் இருக்குமே?"

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இருக்கு. 'இனி இல்லை'ன்னு எழுதியிருக்கு. சிவப்புப் பென்சில் யாரும் போடல."

போனை வைத்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் தூளை மறுபடி காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

மாலை ஆறு ஐந்துக்குக் கடையைச் சாத்தினோம். வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. இரண்டு மாதம் என் வாயில் வராத வார்த்தை அன்றுதான் வந்தது.

"அக்கா, வீடு வரைக்கும் நான் வரட்டுமா? தனியா இருப்பீங்களே..."

அக்கா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார். "வீட்டுல ஆள் இருக்கு."